செவலையின் சம்மதம்

எங்கள் வீட்டில் மனிதர்கள் சொன்னதைவிட ஒரு குதிரை சொன்னதற்கு அதிக மதிப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு மாசியில் தொடங்கி அந்தப் பங்குனியிலேயே முடிந்துபோன குறுகிய காலம்தான். ஆனால் அதற்குள் அந்தக் குதிரை ஒரு கல்யாணத்தை நிச்சயம் செய்தது, ஒருவரைக் கிணறு வெட்டவைத்தது, நான் கணக்குப் பரீட்சையில் தேறிவிடுவேன் என்று கூசாமல் பொய் சொன்னது. கடைசியில் தன்னை விற்பதற்கே சம்மதம் சொல்லவேண்டிய இடத்தில் வந்து நின்றது.

எண்பதுகளின் கடைசி. நான் பாவாடை சட்டையோடு ஐந்தாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாளையம்பட்டியில் அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. முன்னால் கடை, அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் குதிரைக் கொட்டகை. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது அப்பா. மூட்டைகளைக் குதிரை வண்டியில் ஏற்றிப் பரளச்சிப் பக்கத்துக் கிராமங்களில் கொண்டுபோய்ப் போடுவது சித்தப்பா. அவருக்குப் படிப்பு ஏறவில்லை. கடையில் உட்காரவைத்தால் தூங்கிவிட்டார். மெட்ராஸில் ஒரு மளிகைக் கடைக்கு அனுப்பினார்கள், மூன்றாம் நாள் காலையில் பையோடு வாசலில் நின்றார். அப்படி எதிலுமே ஒட்டாத மனிதருக்கு அமைந்த ஒரே வேலை இந்த வண்டிதான். குதிரையோடு இருக்கும்போது மட்டும் அவர் வேறு ஆளாக இருப்பார். அதனிடம் பேசிய பேச்சில் பாதிகூட எங்களிடம் பேசியதில்லை.

குதிரை செந்நிறம், அதனால் பெயர் செவலை. முந்தின ஐப்பசியில் காரியாபட்டிப் பக்கத்து ஆள் ஒருவரிடம் வாங்கியது. மழைக்காலம் முழுக்க அதைப் போல ஒரு சாது கிடையாது. நான் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் போவேன், காலைக்கூடத் தூக்காது. விற்றவர் ஏன் அவ்வளவு அவசரமாகக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்பது மாசி பிறந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் தொல்லை பிடித்த இன்னொரு பிராணியும் இருந்தது. அது நான். மாசி பிறந்தால் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பங்குனி கடைசிவரை தும்மிக்கொண்டே இருப்பேன். தவிட்டுத் தூசி என்றார் அம்மா. எதிர்வீட்டுப் பெரியம்மா கண்ணேறு என்றார். எது காரணமோ, எங்கள் வீட்டில் அது வியாதியாக அல்ல, சகுனமாகத்தான் கருதப்பட்டது. வெளியே கிளம்புகிறவர்களுக்கு ஒற்றைத் தும்மல் ஆகாது. ஒருமுறை அப்பா சரக்கு எடுக்க விருதுநகருக்குக் கிளம்பி வாசலைத் தாண்டினார், நான் தும்மினேன். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்தார், மறுபடி தும்மினேன். மூன்றாவது தடவை அவர் எழுந்தபோது பஸ் போய்விட்டது. அன்று முதல் யார் எங்கே கிளம்பினாலும் முதல் காரியமாக என்னைப் பின்பக்கம் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். கிளம்புகிறவர் தெருமுனை திரும்பிய பிறகு அம்மா குரல் கொடுப்பார். அதுவரை நானும் செவலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்த மாசியில்தான் செவலை தலையாட்டத் தொடங்கியது. மெதுவாக ஆட்டுகிற ஆட்டம் இல்லை. மூக்கில் குளவி கொட்டியது போலத் திடீரென்று தலையை மேலே வெட்டி இழுக்கும், கீழே போடும், மறுபடி இழுக்கும். சீறும். நடந்துகொண்டிருக்கும்போதே குனிந்து மூக்கை முன்னங்காலில் தேய்க்கும். கொட்டகை நிழலில் ஓரளவு சும்மா இருக்கும். உச்சி வெயிலில், பரளச்சி ரோட்டில் போனால் நிமிஷத்துக்கு நாலு தடவை.

மாடு, குதிரைகளின் மயிர்ச்சுழி பார்த்துப் பலன் சொல்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் செவலையைச் சுற்றிச்சுற்றி வந்து தாடைக்குக் கீழே ஒரு கெட்ட சுழியைக் கண்டுபிடித்தார். "அந்தச் சுழி மார்கழியிலயும் அங்கனதான இருந்துச்சு?" என்று சித்தப்பா கேட்டார். அவர் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரி டாக்டரோ பல்லைப் பார்த்தார், காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானப்பா இருக்கு" என்று ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிட்டார். ஊசி போட்ட இடம் வீங்கியதைத் தவிர மாற்றம் ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மாதான் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தவர். அதை விளக்க எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கோயிலில் கிடாய் வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் தலையை உதறிச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். 'துலுக்கிருச்சு' என்பார்கள். துலுக்காத கிடாயை எவ்வளவு நேரமானாலும் வெட்ட மாட்டார்கள். மூன்று முறை ஊற்றியும் துலுக்கவில்லை என்றால் சாமிக்குச் சம்மதமில்லை, ஓட்டிக்கொண்டு திரும்பவேண்டியதுதான். இதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு ஒரு பிராணி தலையை உதறினால் அது சம்மதம். வேறு அர்த்தம் யாருக்கும் தோன்றாது.

பெரியம்மா தன் மகளுக்குக் கமுதிப் பக்கம் வந்த வரனை முடிப்பதா விடுவதா என்று இரண்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் வண்டி அவர் வாசலில் நின்றபோது சும்மா வாய்விட்டு, "என்னத்தா, அந்த எடத்த முடிச்சிரவா?" என்று கேட்டிருக்கிறார். செவலை மூன்று தடவை தலையை வெட்டி ஆட்டியது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே நிச்சயதார்த்தம் நடந்தது, மாப்பிள்ளையும் தங்கமான பையனாக வாய்த்தான்.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்! வண்டி நிற்கிற இடமெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நிலத்தை வாங்கவா, ஆட்டம். மருமகளைக் கூட்டிக்கொண்டு வரவா, ஆட்டம். ஒருவர் கிணறு வெட்டவா என்று கேட்டு, அது ஆட்டி, ஐம்பது அடியில் பாறைதான் வந்தது. "குதிர வெட்டுன்னுதான் சொல்லுச்சு. தண்ணி வரும்னா சொல்லுச்சு?" என்று பெரியம்மா வாதாடினார். நானும் கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் கேட்டேன். பாஸ் என்றது. இருபத்தேழு மார்க்கு வாங்கினேன். யாருக்கும் இல்லை என்று சொல்லாததால்தான் அதன் புகழ் அப்படி வளர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆக ஒரே வீட்டில் 'போகாதே' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணும், 'போ' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு குதிரையும் இருந்தோம். அதற்குக் கொள்ளும் வெல்லமும் கிடைத்தன. எனக்குக் கொட்டகைதான்.

சித்தப்பாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போக அந்தப் பெருமை போய்விட்டது. தேய்த்துத் தேய்த்துச் செவலையின் மூக்கு புண்ணாகிவிட்டது. கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளியது, விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் வந்து கேள்வி கேட்டால் சித்தப்பா, "போங்கய்யா அங்கிட்டு" என்று எரிந்து விழுந்தார்.

மாசி கடைசியில் ஒரு மதியம், பரளச்சி ரோட்டு வளைவில் செவலை தலையை வெட்டி இழுத்ததில் வண்டிச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. புண்ணாக்கு மூட்டைகளோடு வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. சித்தப்பாவின் வலது கை மணிக்கட்டில் முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரை அப்பா ஏற இறங்கப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகப் பேசினார்.

"இன்னைக்குக் கையி. நாளைக்குக் கழுத்து. வித்துருவோம்லே."

மூன்றே நாளில் ஒரு தரகரும் வந்துவிட்டார். செங்கல் சூளைக்கு மண் இழுக்கக் குதிரை வேண்டுமாம். சூளைக்குப் போகிற குதிரை இரண்டு வருஷம் தாங்காது என்பது எனக்கே தெரியும். சித்தப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை சாப்பிட உட்கார்ந்தவர் இடது கையில் கரண்டியைப் பிடித்தபடியே திடீரென்று சொன்னார்.

"அண்ணே, நம்மளா விக்க வேணாம்ணே. பங்குனிப் பொங்கலுக்குக் கோயில்ல தண்ணி ஊத்திக் கேப்போம். சாமி உத்தரவு குடுத்துட்டா நானே கயித்தப் புடிச்சுக் குடுத்துர்றேன்."

"சரி. சாமி வாக்குதான். அதுக்கு மேல ஒரு பேச்சுக் கெடையாது" என்றார் அப்பா. தரகருக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார்கள். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது.

சித்தப்பா ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு கொட்டகைக்கு வந்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். "சும்மாவே துலுக்கிக்கிட்டு நிக்கிற குதிரைகிட்டயா சித்தப்பா உத்தரவு கேக்கப்போறீக?" என்றேன். அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது! அவசரத்தில் வாயை விட்டவர் அப்போதுதான் அதை யோசித்திருக்கிறார். செவலையின் கழுத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அது இல்லாத கொட்டகையில் நான் மட்டும் போய் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் அப்பா எங்கோ கிளம்ப, வழக்கம்போல என்னைக் கொட்டகைக்குத் துரத்தினார்கள். நான் அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு மூக்கைச் சட்டைக் கையில் தேய்த்தேன். அதே நேரத்தில் செவலை இரண்டு தடவை சீறிவிட்டு மூக்கைத் தூணில் தேய்த்தது. அதன் கண்ணோரம் நீர் வடிந்திருந்தது. என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். தண்ணீர் வாளியோடு வந்த சித்தப்பாவிடம், "எனக்கு வர்றதுதான் சித்தப்பா இதுக்கும் வருது" என்றேன்.

பெரியவர்கள் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சித்தப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "ஒனக்கு எப்டிடா தாயி இருக்கும்?" என்று கேட்டார். என் தும்மலைப் பற்றி ஒருவர் என்னிடமே கேட்டது அதுதான் முதல் தடவை.

"மூக்குக்குள்ள எறும்பு ஓடுறாப்ல இருக்கும்."

எப்போது அதிகம் என்றார். வெயிலில், காற்றடிக்கும்போது, வேலிக்கருவை பூத்துக்கிடக்கிற இடத்தில் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது ரோட்டோரம், கண்மாய்க்குள், தரிசு முழுக்க அந்த முள்மரம்தான். மஞ்சள் மஞ்சளாகத் திரி போலப் பூத்து, காற்றடித்தால் தூளாக உதிரும். எப்போது வராது என்றார். மழை பெய்தால் வராது, முகம் கழுவினால் கொஞ்சநேரம் வராது, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் வராது என்றேன். வகுப்பில் ஒரு கேள்விக்கும் அவ்வளவு சரளமாக நான் பதில் சொன்னதில்லை.

அன்றே ஆரம்பித்தோம். அவருக்கு ஒரு கைதான், மற்றக் கைக்கு நான். முதலில் அவர் தலைத்துண்டை நனைத்துச் செவலையின் மூக்கில் கட்டினோம். மூச்சு முட்டி அது ஆடிய ஆட்டத்தில் இருவருமே சாணத்தில் விழுந்தோம். அடுத்து, கதிர் அடிக்கும்போது மாட்டுக்குப் போடுகிற கயிற்று வாய்க்கூட்டை மாட்டிப் பார்த்தோம். அதன் ஓட்டை வழியாகப் பூத்தூள் என்ன, பூவே உள்ளே போகும். கடைசியில் என் தம்பியின் தொட்டிலுக்குப் போட்டிருந்த கொசுவலையை நான் கத்தரித்து எடுத்துவந்தேன். அதைப் பை போலத் தைத்து, மூக்கை மட்டும் மூடுகிற மாதிரி, வாய் திறக்க வழிவிட்டு, கடிவாளத்தோடு சேர்த்துக் கட்டினோம். முதல் வலையைச் செவலை தின்றுவிட்டது. இரண்டாவது வலையை இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டது. கொசுக்கடிபட்ட தம்பி அழுத அழுகையில் அம்மா என்னை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்தியது தனிக்கதை.

வலை மட்டும் போதவில்லை. ஓட்டிவந்ததும் ஈரத்துணியால் மூக்கின் உள்ளோரம்வரை துடைத்துவிட்டோம். காய்ந்த சோளத்தட்டையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் போட்டோம். பக்கத்து வீட்டுப் பையனைக் கடிவாள வாரைப் பிடிக்கச் சொல்லி, சித்தப்பா விடியும் முன்பே வண்டியைக் கிளப்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பினார். ரோட்டை விட்டுவிட்டு, அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்த கரிசல்காட்டு வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு மைல் கூடுதல். ஆனால் அங்கே ஒரு கருவைகூடக் கிடையாது.

பத்தாம் நாள் வாக்கில் செவலை கொள்ளை முழுதாகத் தின்றது. புண் ஆறத் தொடங்கியது. தலையாட்டம் அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். பத்துக்கு இரண்டாகக் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்க் காட்டினோம். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து வலையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டுப் பார்த்தார், மறுபடி கட்டினார். "கட்டியே வையுங்க. மூச்சு முட்டாம மட்டும் பாத்துக்கங்க" என்றார். சித்தப்பா வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஊருக்குத்தான் கோபம். நல்லா வாக்குச் சொல்லிக்கொண்டிருந்த குதிரையின் வாயைக் கட்டிவிட்டோமாம். "ஒரே ஒரு விசயம், அவுத்து விடுங்க, கேட்டுட்டுப் போயிர்றேன்" என்று பெரியம்மா இரண்டு நாள் நடையாய் நடந்தார்.

ஒருநாள் காலையில் அப்பா கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி தெருவுக்குள் வருவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அன்று செவலை ஒரு தடவைகூடத் தலையை வெட்டவில்லை. அம்மா நைசாகப் பேச்சை எடுத்தார். "வாக்குக் குடுத்தாச்சு. தரகர்ட்டயும் சொல்லியாச்சு. ஊருக்கே தெரியும். இப்பப் போயி மாத்திப் பேசச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அப்பா கடைக்குள் போய்விட்டார். அப்பா சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் குலதெய்வக் கோயில் திருச்சுழியைத் தாண்டி ஒரு காட்டுக்குள் இருக்கிறது. சுற்றி நாலு பக்கமும் வேலிக்கருவை. பங்குனிப் பொங்கல் அன்று அது உச்சகட்டமாகப் பூத்திருந்தது. விடியற்காலையிலேயே செவலைக்கு வலை கட்டிக் கூட்டிவந்திருந்தோம். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, அரைமணிக்கு ஒருதரம் நான் மூக்கைத் துடைத்துவிட்டேன். சீக்கிரம் முடிந்துவிட்டால் பிழைத்துவிடுவோம் என்று நினைத்தேன். பொங்கல் பொங்கி, படையல் போட்டு, பூசாரி சாமியாடி முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. மேற்கிலிருந்து காற்றும் கிளம்பியது. தரகர் புதுக் கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் இரண்டு கிடாய்கள். தண்ணீர் தலையில் பட்டதும் இரண்டும் உடனே துலுக்கின. அடுத்து செவலையைக் கொண்டுவரச் சொன்னார்கள். சித்தப்பா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பூசாரி வலையைப் பார்த்தார்.

"சாமி முன்னால வாயக் கட்டிக்கிட்டு நிக்கலாமாத்தா? அவுத்துரு."

அவிழ்த்தேன். அவிழ்த்த உடனேயே செவலை ஒரு வெட்டு வெட்டியது. கூட்டம் "ஆ" என்றது. தண்ணீர் ஊற்றிய பிறகு ஆட்டினால்தான் உத்தரவு, இது கணக்கில்லை என்று பூசாரி கையைக் காட்டினார். பாவாடை நுனியைக் குடத்தில் நனைத்து அதன் மூக்கைத் துடைத்தேன்.

அப்பா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செவலையின் தலையை ஒட்டி நின்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் மூக்குக்குள்ளும் எறும்பு ஓடத் தொடங்கியிருந்தது. இப்போது தும்மினால் செவலை மிரண்டு தலையை ஆட்டிவிடும் என்று பயந்து மூச்சை அடக்கிக்கொண்டேன். "ஒண்ணு" என்றார் பூசாரி, அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. அதன் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. சாமி, சாமி, ஆட்டாம இருக்கணும், நான் இனிமே கொசுவலையைக் கத்தரிக்க மாட்டேன். "ரெண்டு." கயிறு என் கையில் அசையவே இல்லை. "மூணு."

பூசாரி, "உத்தரவு இல்ல. சாமிக்குச் சம்மதமில்ல" என்றார்.

அதுவரை அடக்கிவைத்திருந்த தும்மல் அப்போது வந்தது பாருங்கள், காடே அதிர்ந்தது. ஒரே ஒரு தும்மல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தரகர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "சரித்தான், இதுவும் சேந்துக்கிருச்சு" என்று கயிற்றைச் சுருட்டினார். சித்தப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, செவலையின் கழுத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அப்பா மட்டும் எதுவும் நடக்காதது போல என்னிடம் செம்பை நீட்டி, "கொண்டுபோயி வேப்பமரத்துக்கு ஊத்திட்டு வா" என்றார். இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. வழியில் தளும்பிப் பாவாடையெல்லாம் மஞ்சளானதற்கு அம்மாவிடம் வேறு திட்டு வாங்கினேன்.

நான்தான் செவலையைக் காப்பாற்றினேன் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். நன்றாக மூக்கைத் துடைத்துவிட்டேன், அதனால் அது ஆட்டவில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான் நம்பினேன். செவலை அதற்குப் பிறகு எட்டு வருஷம் எங்களோடு இருந்தது. மாசி பிறந்தால் வலை கட்டுவோம், முதல் மழை பெய்ததும் அவிழ்ப்போம். அருப்புக்கோட்டையில் இன்னொரு வண்டிக்காரரின் குதிரைக்கும் அதே தொல்லை என்று கேள்விப்பட்டு, சித்தப்பா தானாகப் போய் ஒரு வலை தைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதுவும் தேறியது. எங்கெங்கோ இருந்தெல்லாம் அவரைத் தேடிவந்தார்கள். எதிலும் ஒட்டாத மனிதரிடம் யோசனை கேட்க ஆட்கள் வாசலில் காத்திருந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். நான் தும்மியதும் யாராவது கிளம்பாமல் நின்றால், "அது கருவைப்பூவு, நீங்க போங்க" என்பார். கொட்டகைக்குப் போய் நிற்கும் வேலை எனக்கு அத்தோடு நின்றது.

குதிரைகளுக்கு இப்படி வரும், முகத்து நரம்பு கூசிப்போய், வெயிலும் பூத்தூளும் பட்டால் தாங்காது, மூக்குக்கு வலை கட்டுவது வெளிநாட்டில்கூடச் செய்கிற வைத்தியம்தான் என்று வெகுகாலம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் எனக்குச் சொன்னார். அன்று கோயிலில் நடந்ததையும் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "காதுல சொட்டுத் தண்ணி பட்டாலே எந்தக் குதிரையும் தலைய ஒதறும்மா. இந்தக் கோளாறு உள்ள குதிரை மூணு தடவை ஊத்தியும் ஆட்டாம நின்னுச்சா?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அந்தச் செம்பின் கனம் என் கைக்கு நினைவு வந்தது. மூன்று முறை ஊற்றிய செம்பு. கழுத்துவரை தண்ணீர் இருந்தது.

அப்பா அப்போது உயிரோடு இல்லை. கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். சாமிக்கு அப்படிப் பயந்த மனிதர். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறந்தால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அந்தப் பங்குனிப் பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனவர், மத்தியானம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார். வீட்டில் யாருக்கும் வேண்டுதல் இல்லை. எதற்கு மொட்டை என்று அம்மா கேட்டார். "வெயிலுக்கு" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அந்த மொட்டையைத் தடவித் தடவிப் பார்த்து, கொஞ்சம் முடியாவது விட்டிருக்கக் கூடாதா என்று கேலி செய்தேன்.